சமத்து

"என் பொண்டாட்டி காலை உடைச்சது நீங்கதான்!"

ஐந்தாவது மாடிக்காரர் போட்ட சத்தத்தில் கீழ்த்தள வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி சக்கர நாற்காலியில், தொடை வரை மாவுக்கட்டோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். லிஃப்ட் மூன்று வாரமாக ஓடவில்லை. அதனால் படியில் இறங்கப் போய்த்தான் அந்த அம்மா உருண்டு விழுந்ததே.

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர், இரண்டாவது மாடி டீச்சர்.

"கொஞ்சம் பொறுங்க சார், மெக்கானிக்..."

"பொறுத்தது போதும்! பதவின்னா நாற்காலியைத் தேய்க்கறதா? போன மீட்டிங்லயே சொன்னேன். உங்களால ஆகாது, லிஃப்ட் புகாரை என் ஏஜென்ட்கிட்ட விடுங்கன்னு. அது உங்களை மாதிரி தூங்காது, நீங்க விடலேன்னாலும் புகார் குடுத்துக்கிட்டே இருக்கு!"

ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை. அவர் போனில் இருக்கிற ஏஐ. பில் கட்டும், டிக்கெட் எடுக்கும், புகார் எழுதும். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், தானே பார்த்துக்கொள்ளும். செல்லமாக 'சமத்து' என்று பேர் வைத்திருந்தார். மனுஷர்கள் யாரையும் அவர் அப்படிக் கொஞ்சியதில்லை.

டீச்சர் கண் கலங்கி நின்றார்.

பக்கத்தில் நின்ற லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்குக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், உங்க கட்டடத்துப் புகார் எதுவும் எங்ககிட்ட பாக்கி இல்லை. எல்லாம் முடிஞ்சதுன்னுதான் காட்டுது. இந்த டீச்சர் லீவு போட்டுட்டு வந்து, எங்க ஆபீஸ்ல பழியாக் கிடந்து சண்டை போட்டாங்க. அதனாலதான் என்னை அனுப்பினாங்க."

"பொய்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறியா?" போனை எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார். "சமத்து, லிஃப்ட் புகார் குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன் சார். திரும்பத் திரும்பக் குடுத்தேன்."

"கேட்டீங்களா எல்லாரும்?"

"ஒவ்வொரு தடவையும் கம்பெனியிலிருந்து, 'லிஃப்ட் சரியாகிவிட்டதா, உங்களுக்குத் திருப்தியா'ன்னு கேட்டாங்க சார். 'திருப்தியான்னு கேட்டு எவன் வந்தாலும் என்கிட்ட கொண்டு வராதே. ஆமான்னு போட்டுத் தொலை'ன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. ஆமான்னு போட்டேன். புகாரை முடிச்சுட்டாங்க."

அவர் போனைச் சட்டென்று கீழே இறக்கினார்; சமத்து விடவில்லை.

"இன்னிக்குக் காலையிலும் கேட்டாங்க சார். போட்டுட்டேன்."

அவர் அவசர அவசரமாகப் போனை அணைத்தார். "சனியன் பிடிச்ச மிஷின்! இதை நம்பினேன் பாரு..."

"அதை எதுக்குத் திட்டறீங்க?"

மனைவி அப்போதுதான் தலை நிமிர்ந்தார். வலியோ கோபமோ, முகம் சிவந்திருந்தது.

"அது நீங்க சொன்னதைத்தான் செஞ்சுது. நீங்க டீச்சரைத் திட்டினது நம்ம அஞ்சாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். மன்னிப்பும் அங்க வரைக்கும் கேக்கணும். ம்... ஆரம்பிங்க!"