ஆத்தாவின் உத்தரவு

நிறுத்தாமல் உறுமி அடிக்கும் சாதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி. தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அமிர்தலிங்கம் கண்ணில் நீர் வழிய, தலையை ஆட்டி ஆட்டி அடித்தான். கூட்டம் கைதட்டியது.

திடீரென்று அவன் மனைவி நளினிக்குச் சாமி வந்துவிட்டது. கூந்தல் அவிழ மேடைக்குப் பாய்ந்தாள்.

"நிறுத்துடா! என் காது வலிக்குது!"

ஆத்தா சொன்ன பிறகு யார் மீற முடியும்? உறுமி நின்றது.

ஏற்பாடு செய்த குகனேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டான். "உறுமி கேட்டா சாமி வரும். நிறுத்தச் சொல்லியா வரும்? பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் பேனர் கட்டினேன் லா! இப்ப யார்கிட்ட போயி சண்டை போட?"

"எல்லாம் போச்சு லா," என்று அமிர்தலிங்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

"முடியலன்னா தலையாட்டுறேன், உடனே சாமியாடுன்னு சொல்லித்தானே வச்சேன்? காலையிலேருந்து ஆட்டுறேன், உனக்குத் தெரியலயா?"

கொப்புளம் வெடித்த அவன் கையில் மருந்து தடவினாள் நளினி.

"உங்க கண்ணுல தண்ணியப் பாத்தப்புறம்தாங்க ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் நீங்க ரசிச்சு ஆட்டுறீங்கன்னுல்ல நானும் கைதட்டிக்கிட்டு இருந்தேன்!"