வெந்த செங்கல் நிறம்

அவர் கிளாஸை எடுக்கவில்லை.

எஃகு மேசையில் இரண்டு கிளாஸ் இருந்தன. ஒன்று அவருக்கு, ஒன்று மகனுக்கு. இரண்டிலும் சிவப்பு.

சூளையில் நன்றாக வெந்த செங்கல்லின் சிவப்பு. தட்டினால் கணீரென்று கேட்குமே, அந்தச் செங்கல். மேலே இரண்டு விரல் நுரை, பூச்சுக்குக் குழைத்த சுண்ணாம்பு போல வழுவழுவென்று நின்றது.

காலமெல்லாம் கொத்தனாராக இருந்தவருக்கு வேறெப்படித் தோன்றும்.

கடை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேசைகளின்மேல் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. ஜன்னல் வழியாகப் பெங்களூரின் காலை வெயில் தரையில் விழுந்திருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயர அண்டாக்கள். அவற்றைக் கழுவுகிற வேலைக்குத்தான் மகன் மாதேஷ் இங்கே வந்தான். அவனே காய்ச்சிய முதல் பீர் இது. ரெட் ஏல். அயர்லாந்துப் பக்கத்து வகையாம். சாயங்காலம் முதலாளி குடித்துப் பார்த்துச் சரியென்று சொன்னால் கடையில் இறங்கும்.

அதற்கு முன்னால் அப்பா பார்த்துச் சொல்லவேண்டும் என்று பஸ் ஏறி வரச்சொல்லியிருந்தான்.

"முதல்ல நெறம் பாரு. அப்புறம் மோந்து பாரு. அப்புறந்தான் வாயில வைக்கணும்."

"பொண்ணு பார்க்கப் போற மாதிரி சொல்றியேடா."

"நீ பார்த்து சொல்லிட்டா சரிப்பா. உன்னவிட அனுபவஸ்தன் இந்த ஊர்லயே கெடையாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சிரிக்கும்போது இடது புருவத்துத் தழும்பு மேலே ஏறியது. ஏழு வயதில் வாங்கியது. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காதப்பா, குடிக்காதப்பா என்று தொங்கினான். விடவில்லை. அவர்தான் விடவைத்தார்.

அதற்குப் பிறகும் குடித்தார். மனைவி பச்சையம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்தினார். நிறுத்தியதைப் பார்க்க அவள் இல்லை.

கயிறு இன்னும் மணிக்கட்டில் இருந்தது. கறுத்து, நாராகி.

மாதேஷ் தன் கிளாஸை எடுத்தான். மோதிர விரலை நுரையில் நனைத்தான். தரையைப் பார்த்து மூன்று தரம் சுண்டினான்.



முதல் சொட்டை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவரும் குடிப்பார். இதை இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாயில் சுருண்டு, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கிடந்த பிள்ளை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது.

அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தார்.

சுவர் எழுப்புகிறவன் கண் மட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்குப் பழகிய கண். தண்ணீர் எதில் நின்றாலும் அது அசைகிறதா என்றுதான் முதலில் பார்க்கும். மகன் கையில் சிவப்பும் நுரையும் சேருகிற கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஒரு மடக்குக் குடித்தான். கோடு நடுங்கியது.

இன்னொரு பெரிய மடக்கு. கிளாஸ் பாதியாயிற்று.

நின்றுவிட்டது. ரசமட்டத்துக் குமிழி நடுவுக்கு வந்து நிற்கிற மாதிரி, அப்படியே நின்றுவிட்டது.

அந்த நிற்றல் அவருக்குத் தெரியும். காலையில் ஒரு கட்டிங் சரக்கு உள்ளே இறங்கினால்தான் அவர் கைக்கும் பூச்சுக் கரணை அடங்கும்.

"என்னப்பா, மூஞ்சி இப்படிப் போவுது. குடி. கயிறு ஒண்ணும் அறுந்துடாது."

அவர் விரல் நுனியை மட்டும் கிளாஸில் நனைத்தார். நாக்கில் வைத்தார்.

முதலில் வெல்லப்பாகு. பிறகு அடுப்பில் தீய்ந்த ரொட்டியின் ஓரம். எல்லாம் போன பிறகு, நாக்கின் அடியில், அவசரமே இல்லாமல் வந்து உட்கார்ந்தது கசப்பு.

நன்றாகத்தான் இருந்தது.

அவர் குடித்ததெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்ட சரக்கு. குடலைப் புரட்டும். அதையே அவரால் விடமுடியவில்லை. இதில் புரட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

"எப்படிப்பா?"

"நல்லா வந்திருக்கு."

ஒரு நொடி, மகன் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

"காலையிலேர்ந்து இது எத்தனாவதுடா?"

அந்த முகம் போய்விட்டது.

"இது குடி இல்லப்பா. வேல. ருசி பார்க்காம எப்படிக் காய்ச்சுறது?"

"நாளைக்கு ஒரு நாள் ருசி பார்க்காம இரு."

மாதேஷ் அவரையே பார்த்தான்.

"இத நீ சொல்ற."

 குடி இல்லடி, உடம்பு வலிக்கு மருந்து என்று பச்சையம்மாவிடம் தினமும் சொன்ன வாய் அவருடையது.

மாதேஷ் மிச்சத்தையும் குடித்து முடித்தான். காலி கிளாஸை வைத்தான். அந்தக் கை மேசையைத் தாண்டி, நிறைந்திருந்த கிளாஸுக்கு வந்தது.

"நீ குடிக்கலன்னா வீணாத்தான் போவும். குடு."

அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவன் இழுத்தான். முதலில் விளையாட்டாகத்தான். அப்புறம் விளையாட்டு இல்லை. சிவப்பு இரண்டு பேர் விரல்களிலும் வழிந்தது. கயிறு நனைந்தது.

"விடுப்பா."

அவர் இன்னொரு கையையும் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.