கதவில்லாத கன்டெய்னர்

“போன மாசம் வரைக்கும் இருந்தது நாலு ஜிபி. நீ கொண்டாந்திருக்கிறது இருநூறு எம்பி. அப்போ ரேட்டும் இருபதுல ஒரு பங்குதானம்மா?”

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில் வைத்திருக்கும் திருமலைக்கு எதையும் எடை போட்டு வாங்கித்தான் பழக்கம். பழைய இரும்பில் ஆரம்பித்து மேலே வந்தவர். இப்போது சாஃப்ட்வேரையும் தராசில் ஏற்றிவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த இன்ஜினியர் புவனேஸ்வரி அசரவில்லை. பழவேற்காட்டில் மீன் விற்ற வீட்டில் பிறந்தவள். பேரத்தைப் பார்த்து பயப்படுகிற ரகமில்லை.

விஷயம் இதுதான். மில்லில் உருளைகளுக்கு மேலே ஒரு கேமரா. மஞ்சள் கோட்டைத் தாண்டி யார் கை போனாலும், கம்ப்யூட்டரில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு அதைக் கண்டுபிடித்து மில்லை நிறுத்திவிடும். போன மாதக் கடைசியில் யாரோ அந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து கார்டை முடக்கிவிட்டார்கள். கேமரா குருடானது. உருளையில் வேலை செய்த சரவணனுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது.

புகுந்தது யார்? பழைய சிஸ்டத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அன்றைக்கு ஷிப்டில் நின்றவன் ஆபரேட்டர் குணா. ஆகவே குணாதான் என்று திருமலை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தக் குணா இப்போது அறை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஃபைலுக்கு அது வேண்டுமாம். கொடுத்தால் வேலை நிலைக்கும். கொடுக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே.

“சார், கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யறதுக்கு டிரைவர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் வேணும். அதை கன்டெய்னர்னு ஒரு சாஃப்ட்வேர் பெட்டியில அடைச்சுக் குடுக்கிறோம். பழைய கன்டெய்னர்ல டிரைவரோட சேர்த்து வேண்டாத சாமான் நூறு இருந்தது. உள்ள வந்தவன் உட்கார்ந்து கமாண்ட் அடிக்கிற மாதிரி எல்லா வசதியும் பண்ணி வச்சிருந்தாங்க. இதுல டிரைவர் மட்டும்தான். கமாண்ட் அடிக்க இடமே இல்ல.”

“காலி கன்டெய்னருக்கு பில்லு போடுறேன்னு சொல்லு. என் கேட்டத் தாண்டி தெனம் அம்பது கன்டெய்னர் போவுது. காலியா போறதுக்கு எவனும் முழு வாடகை கேக்கறதில்லம்மா.”

“வீட்டுக்குள்ள ஏணியும் கடப்பாறையும் வச்சிருந்தா திருடனுக்குத்தான் சார் லாபம். அதையெல்லாம் நாங்க எடுத்துட்டோம்.”

“எடுத்துக்கினு போனவ நீ. அப்போ வெல கொறையணுமா, ஏறணுமா?”

குணா தலையைத் தூக்கிப் பார்த்தான். சிரித்துவிட்டானோ என்னவோ.

“நீ இன்னாடா பல்லக் காட்டுற? உன்னாலதான் இத்தினி பேஜாரு. ‘கேமராவை முடக்கியது நான்தான்’னு நல்லா தெளிவா எழுது.”

“நான் அதைத் தொடவேயில்ல சார்.”

“தொடாம தானா குருடாச்சா? நானா பண்ணேன்? எனக்கு கம்ப்யூட்டர்ல ஆன் பண்ற பட்டன் எதுன்னுகூடத் தெரியாது. சரவணன் கைய நெனச்சா அன்னிலேர்ந்து எனக்கு நாஷ்டாவே எறங்கல” என்று சொல்லிவிட்டு, நாலாவது வடையைச் சட்னியில் தோய்த்தார்.

குணா குனிந்து எழுதினான்.

புவனேஸ்வரி புதிய சிஸ்டத்தை ஓடவிட்டாள். சுவரில் இருந்த திரையில் உருளைகள் தெரிந்தன. அவள் கீபோர்டை மேசை நடுவில் தள்ளினாள்.

“யார் வேணும்னாலும் புகுந்து பாருங்க சார். இதை முடக்க முடிஞ்சா ஒரு பைசா வாங்காம குடுத்துட்டுப் போறேன்.”

ஒரு பைசா வாங்காமல் என்ற வார்த்தை திருமலையின் காதில் தேனாக விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தார். என்ன அடிக்க வேண்டும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. இரண்டே விரலால், ஒரு முழு நீளக் கமாண்டை, ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டினார்.

அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்றது திரை.

மறுபடி தட்டினார். மறுபடியும் இல்லை.

“இன்னாம்மா இது, வாங்கவே மாட்டேங்குது?”

“நான்தான் சொன்னேனே சார்.”

திருமலை சுவர்த் திரையைப் பார்த்தார். வடைத் தட்டைத் தள்ளி வைத்தார். அதுவரை மில் சத்தத்தையும் மீறிப் பேசிய குரல் கிணற்றுக்குள் இறங்கியது.

“சரி. நீ சொன்ன முழு ரேட்டே தரேன். மேல பத்து பர்சென்ட் வச்சுக்கோ. எனக்கு மட்டும் உள்ள போவ ஒரு சின்னக் கதவு வச்சுக் குடுத்துடு.”

முப்பது வருடத்தில் எவனுக்கும் முழு ரேட்டு கொடுக்காத வாய் அது. மீன் விற்றவள் மகளுக்கு இது புரியாதா? பேரமே பேசாமல் விலையை ஏற்றித் தருகிறவனுக்குத்தான் சரக்கு அவசரம்.

“கதவு எதுக்கு சார்?”

“இன்னாம்மா புரியாம பேசுற? மாசக் கடைசின்னா லாரி வரிசையா நிக்கும். எவனாவது கைய நீட்டுவான், மில்லு நின்னுக்கினே இருந்தா லோடு எப்படிப் போவும்? போன மாசம் மாதிரி, ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும்...”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூலையில் ஸ்டூல் நகர்ந்தது. குணா கடிதத்தோடு எழுந்து வந்து, அதை மேசையில் அவருக்கு நேராக வைத்தான். பேனாவை மூடவில்லை.

“நீங்க சொன்ன மாதிரியே தெளிவா எழுதிட்டேன் சார். கீழ பேரு போடறதுதான் பாக்கி. உங்க இனிஷியல் இன்னா சார்?”