அக்கா விட்டுக்கொடுத்த வெள்ளிக்கிழமை

"அக்கா, வெள்ளிக்கிழமை லீவை நீங்க கேன்சல் பண்ணாத்தான் எனக்குக் கிடைக்கும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்."

பில் பிரிவில் அவனும், அவன் அக்கா என்று கூப்பிடும் சீனியரும் என இரண்டே பேர். இருவரும் ஒரே நாளில் விடுப்பு கேட்டால், பிந்திக் கேட்டவரைக் கம்பெனியின் லீவு ஆப் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தள்ளிவிடும். இந்த முறை அக்கா முந்திக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் ஏதாவது முக்கியமான வேலை இருக்கும்..." என்று இழுத்தான்.

"அது கெடக்குது தம்பி. அம்மாவை விடவா?"

அவன் கண்ணெதிரிலேயே ஃபோனை எடுத்துத் தன் விடுப்பை ரத்து செய்தார். "இப்ப நீ போடு."

போட்டான். பச்சை டிக் விழுந்தது. அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேறொரு கம்பெனியின் ஏசி அறையில், மடிப்புக் கலையாத சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்தான். கேள்விகளெல்லாம் முடிந்து மேனேஜர் கை நீட்டினார்.

"வேலை உங்களுக்குத்தான். உண்மையைச் சொல்லணும்னா, முதல்ல இன்னொருத்தங்களைத்தான் நெனச்சிருந்தோம். அவங்களையும் இன்னிக்குத்தான் வரச் சொன்னோம். லீவு இல்லை, வர முடியாதுன்னுட்டாங்க."

"ஏன் சார்?"

"கூட வேலை பாக்கற பையனோட அம்மாவுக்குக் கண் ஆபரேஷனாம். பாவம், விட்டுக்கொடுத்துட்டாங்க."

நீட்டிய கையை அவன் பற்றுவதற்குள் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து செய்தி.

'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா தம்பி? அம்மா பக்கத்துலயே இரு. உன் பில்லையும் நானே போட்டுடறேன்.'