ரெண்டு பட்டன் குறையுது

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. பெரியண்ணன் ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்பப் போன கதை இது. சத்தமாச் சொன்னால் அவன் காதில் விழும்.

அதியமான்கோட்டையில், ஹைவேயை ஒட்டி அண்ணன் தம்பி ரெண்டு பேர் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார்கள். அண்ணன் பேர் கிருஷ்ணப்பன். தம்பிக்குத்தான் பெரியண்ணன் என்று பேர். தாத்தா பேரை வைத்துவிட்டார்கள், என்ன செய்வது.

ஏழு மாதம் முன்னால் கிருஷ்ணப்பனுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துபோனது. தினமும் அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்தார். நான் என்ன கைக்குழந்தையா என்று மனுஷன் அதைத் தெருநாய்க்கு வீசிவிட்டார். ஆனால் ஆபீசுக்கு மட்டும் ஒரு நாள் தவறமாட்டார். லோடு வருகிற வெப்சைட்டைக் காலையில் அவர் கையால்தான் திறக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

அந்த சைட்டுதான் ரெண்டு மாதமாக மக்கர். முன்பெல்லாம் கம்ப்யூட்டரே பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துத் தானே நிரப்பி, தானே உள்ளே போய்விடும். இப்போது தினமும் காலிக் கட்டம். கிருஷ்ணப்பன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். தப்பு என்று வரும். திரும்பத் தட்டுவார். அதற்குள் லோடெல்லாம் எதிரே இருக்கிற புக்கிங் ஆபீசுக்குப் போய்விடுமே என்று பெரியண்ணன் வாசலுக்கும் மேசைக்கும் நடப்பான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற பொண்ணு சில்வியா, மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளைக் கேட்டால், "சைட்டுல ஏதோ மாத்திட்டாங்கண்ணா" என்று தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்தக் குனிவுதான் பெரியண்ணனுக்கு உறுத்தியது. ஒருநாள் அவள் வருவதற்கு முன்பே டவுனிலிருந்து விக்டரை வரவழைத்தான். கம்ப்யூட்டர் ரிப்பேரில் கெட்டிக்காரன். நெட்டைப் பார்த்தான், சைட்டைப் பார்த்தான், எல்லாம் சரி. செட்டிங்கைத் திறந்தவன் சிரித்துவிட்டான்.

"இது ரிப்பேரே இல்லைங்க. பாஸ்வேர்டைத் தானா நிரப்பாதேன்னு ஆஃப் பண்ணியிருக்கு. மூடினதும் லாகின் அழிஞ்சிடணும்னு வெச்சிருக்கு. யாரோ பொறுமையா உட்கார்ந்து பண்ணியிருக்காங்க."

கீபோர்டைத் தூக்கிப் பார்த்தான். ரெண்டு பட்டன் குறைந்தது. கேப்ஸ் லாக் ஒன்று, வலது பக்கத்து ஷிஃப்ட் ஒன்று.

"எலி கடிச்சிருக்கும்" என்றான் பெரியண்ணன்.

"எலி இவ்ளோ நறுவிசாக் கழட்டாதுங்க."

எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விக்டரை அனுப்பிவிட்டு, வாசலிலேயே நின்றான் பெரியண்ணன். சில்வியா வந்தாள்.

"பையை வெக்காத பாப்பா. அப்படியே கிளம்பு. எதிர் ஆபீஸ்காரன் உனக்கு என்ன தர்றான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அவள் அழவில்லை. பையைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த ரெண்டு பட்டனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஐயாவோட பாஸ்வேர்டு தெரியுங்களாண்ணா? புளி, புளின்னு ரெண்டு தடவை. இங்கிலீஷ்ல, எட்டும் பெரிய எழுத்து."

"அதுக்கென்ன?"

"அந்த எழுத்தெல்லாம் கீபோர்டுல வலது பக்கம் இருக்கு. இந்த ரெண்டு பட்டனும் இல்லாம பெரிய எழுத்து வரணும்னா, இடது கை இடது பக்கத்து ஷிஃப்டை அமுக்கிட்டே இருக்கணும். அப்போ புளியை எந்தக் கைங்க அடிக்கும்?"

பெரியண்ணன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான்.

பந்தை நாய்க்கு வீசிய அன்றைக்கு அண்ணி ராமக்காள் ஆபீசுக்கே வந்து சில்வியாவிடம் அழுதிருக்கிறாள். இவர் வூட்டில் பயிற்சி பண்ண மாட்டார், சைட்டைத் திறப்பதை மட்டும் விடவும் மாட்டார் என்று. அதைக் கேட்டுத்தான் இவள் செட்டிங்கை மாற்றி, பட்டனைக் கழற்றியது. லோடையெல்லாம் பஸ்ஸில் வரும்போதே தன் ஃபோனில் பிடித்து வைத்துவிடுகிறாளாம்.

"லோடை நீங்க எடுத்ததா அவர் நினைச்சிக்கிறாரு. அவர் எடுத்ததா நீங்க நினைச்சிக்கிறீங்க. ஒரு லோடாவது தவறிச்சுங்களா?"

யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. கிருஷ்ணப்பன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கையை ஷிஃப்டில் ஊன்றிக்கொண்டார். வலது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரல் நடுங்கிக்கொண்டே இறங்கியது. டக். மறுபடி டக். பெரியண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். எட்டு.

சைட்டு திறந்தது.

"ஏன்டா பெரியண்ணா, மெஷினை ரிப்பேர் பண்ணிட்டியா? இன்னைக்கு ஒரே தடவைல திறந்துடுச்சு."

தம்பி மேசைமேல் இருந்த பட்டனைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"ஆமாண்ணா. கொஞ்சம் கொஞ்சமா சரியாயிட்டு வருது."

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிருஷ்ணப்பன் எழுந்தார். போகிற போக்கில் கதவைத் தள்ளியது வலது கை. அவருக்கு அது தெரியாது.

பெரியண்ணன் மேசைமேல் இருந்த ரெண்டு பட்டனையும் எடுத்து, சில்வியா கையில் கொடுத்தான். அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சைட்டுக்காரங்க இன்னும் நீளமான பாஸ்வேர்டா வெக்கச் சொல்றாங்கன்னு ஐயாகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணா. நான் சொன்னா சந்தேகப்படுவாரு."

சொல்லிக்கொண்டே கிருஷ்ணப்பனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு எழுத்துப் புளியை அழித்துவிட்டு, 'புளியும் உப்பும்' என்று இங்கிலீஷில், வலது பக்கத்துப் பன்னிரண்டு எழுத்தில் புதுப் பாஸ்வேர்டு போட்டாள்.