எஸ்.கே. எண்டர்பிரைசஸ்

சங்ககிரி லாரி ஓனர் சின்னராஜின் கிரெடிட் கார்டு பில்லில், ‘எஸ்.கே. எண்டர்பிரைசஸ்’ என்ற பெயரில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் போயிருந்தது.

“ஏனுங்க, யாருங்க இது?” என்றாள் மனைவி சாரதாமணி.

“சத்தியமா எனக்குத் தெரியாது புள்ள! எவனோ திருடிப்புட்டான்.”

உடனே பேங்குக்குப் போன் போட்டார். கார்டை முடக்கிப் புகாரைப் பதிந்துகொண்டார்கள்.

“அந்தக் கம்பெனிகிட்ட ஆதாரம் கேப்போம் சார். அவங்க தரலைன்னா பணம் உங்களுக்கே திரும்ப வந்துடும்.”

“திருட்டுப்பய எங்கிருந்து ஆதாரம் தருவான்!” என்று லாரிப் பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தார் சின்னராஜ்.

இருபதாம் நாள் ஆதாரம் வந்தேவிட்டது. அவர் கையெழுத்துப் போட்ட சேர்க்கைப் படிவமும், கூடவே ஒரு வீடியோவும். சாரதாமணிதான் திறந்து பார்த்தாள்.

வீடியோவில் பனியனும் டிராக் பேண்டுமாக, இடுப்பை வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தார் சின்னராஜ். டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அவர் சேர்ந்திருந்த டான்ஸ் கிளாஸ், ஐயாயிரம் பீஸோடு வரியும் சேர்த்து பில் போடுவது அந்தக் கம்பெனிப் பெயரில்தானாம்.

“நம்ம பொண்ணு பிரபா கல்யாண மேடையில உன்கூட ஆடலாம்னு... சொல்லாமக் கத்துக்கிட்டிருந்தேன்” என்று நெளிந்தார்.

சாரதாமணி வீடியோவை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

“பாட்டு ஒரு பக்கம் போவுது, இடுப்பு ஒரு பக்கம் போவுது. மொதல்ல புகாரை வாபஸ் வாங்குங்க. அப்படியே எனக்கும் சேத்துப் பீஸ் கட்டிப்போடுங்க.”