பலாக்காய்ப் பாவம்

"சாமி, பலாக்காயைத் தின்னா பாவமா?"

மாதா கோயில் வராந்தாவில் உட்கார்ந்து மறுநாள் பிரசங்கத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த சவரிநாத சாமியார் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே உபதேசியார் ராயப்பன் சாரலில் தொப்பலாக நனைந்து நின்றார். கக்கத்தில் இருந்த குடை மடக்கியபடியே இருந்தது.

"என்னவே, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்குத ஆளு கேக்குத கேள்வியா இது? பலாக்காயில என்ன பாவம்?"

"நேத்துத் தின்னேன் சாமி. வெள்ளிக்கிழமை."

"தின்னா என்ன? மாமிசம்தானே ஆகாது. நானுந்தான் தின்னேன்."

எங்கே ஆரம்பிப்பது என்று ராயப்பனுக்குத் தெரியவில்லை.

தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மைதீன்பிச்சை, குற்றாலம் ரோட்டில் புதுவீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் விருந்து. சாமியாரை வாசலிலேயே வரவேற்று, பெரிய மனிதர்களோடு உள்ளறையில் உட்கார வைத்தார்கள். பிந்திப் போன ராயப்பனுக்கு முற்றத்துப் பந்தலில் கடை ஆட்களோடு இலை விழுந்தது.

நெய்ச்சோற்றின் மேல் குழம்பை ஊற்றினார்கள். பட்டையும் கிராம்புமாக வாசம் மூக்கைத் துளைத்தது. அன்று வெள்ளிக்கிழமை என்பதை ராயப்பன் மறக்கவில்லை. அதுதான் தொந்தரவே. வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனசு வருத்தப்படுமே என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்தார். முதல் கவளத்துக்கு அந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது. இரண்டாம் தடவை, குழம்புச் சட்டியோடு போனவனை அவரே கைதட்டிக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கை காய்ந்த பிறகுதான் நெஞ்சில் பாரம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் அமலோற்பவத்துக்குப் புதுநன்மை; பூசையில் சாமியார் கையால் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். பக்கத்தில் முழங்காலில் நின்று தகப்பனும் நன்மை வாங்க வேண்டும். ஆத்துமத்தையே சாகடிக்கும் சாவான பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கினால் அது அதைவிடப் பெரிய பாவம். வாங்காமல் நின்றாலோ, உபதேசியாருக்கு என்ன வந்தது என்று கோயில் சனம் முழுக்கக் கேட்கும். எல்லாருக்கும் முன்னால் பெண்டாட்டி கேட்பாள்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடுவோம் என்று சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி வந்தபோதுதான் மைதீன்பிச்சை எதிர்ப்பட்டார். "அண்ணாச்சி, நேத்து எங்க வீட்டுல நடந்ததை உங்ககிட்டச் சொல்லணும்" என்று கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். அவர் சொல்லச் சொல்ல, தூற்றல் வலுத்ததுகூட ராயப்பனுக்கு உறைக்கவில்லை.

"அது பலாக்காய்னு எனக்குத் தெரியாது சாமி," என்றார் இப்போது. "ஆட்டுக்கறின்னு நெனச்சுத்தான் தின்னேன். நமக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாதுன்னு, மைதீன்பிச்சை அண்ணாச்சி வீட்டம்மா நூர்நிஷா தனியா ஒரு சட்டி பலாக்காய் வச்சிருக்கா. கறிக்குப் போடுத அதே மசாலா. அதுதான் என் இலைக்கு வந்திருக்கு."

சாமியார் சிரித்துவிட்டார். "நான் உள்ள போனதுமே எங்கிட்டச் சொல்லிட்டாரு. உம்மகிட்டச் சொல்ல விட்டுப்போச்சு போல."

"அப்போ எனக்குப் பாவம் இல்லதானே சாமி?"

சாமியாரின் சிரிப்பு நின்றது. "சாவான பாவத்துக்கு என்னென்ன வேணும்? பிள்ளைகளைக் கேப்பீரே, இப்ப நீரு சொல்லும்."

"காரியம் பெரிசா இருக்கணும். தப்புன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கணும். மனசு முழுசா சம்மதிக்கணும்."

"தப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மனசு சம்மதிச்சுதா?"

"ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினேன் சாமி."

"பொறவு என்ன? கை பலாக்காயை எடுத்துது. மனசு ஆட்டைத்தானே எடுத்துது? ஆண்டவர் இலையைப் பாக்க மாட்டாரு ஓய், மனசைத்தான் பாப்பாரு. உள்ள போய் முழங்கால்ல நில்லும். சங்கீர்த்தனம் கேக்கேன். பரிகாரமா ஐம்பத்துமூணு மணியும் உருட்டிச் செபமாலை சொல்லத் தயாரா இரும்."

"ஒரு துண்டு கறிகூடப் பல்லுல படலியே சாமி. இது அநியாயமால்லா இருக்கு."

"எது அநியாயம்? நானும் அந்த வீட்டுலதானே இருந்தேன். எனக்கும் மூக்கு இருக்குல்லா? எனக்குன்னு வச்ச பலாக்காயைச் சாப்பிட்டேன், கையைக் கழுவினேன், வந்துட்டேன். அங்கன போன நம்ம வேதக்காரன் ரெண்டு பேரு. அதுல பாவி நீரு ஒருத்தர்தான்."

ராயப்பன் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை. முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தார்.

"இன்னும் என்னவே?"

"ஒருத்தன் ஆட்டுக்கறியைப் பலாக்காய்னு நெனச்சுத் தின்னுட்டான்னு வைங்க சாமி. அவனுக்கு?"

"நெசமாவே தெரியாமலா?"

"சத்தியமாத் தெரியாம."

"அவனுக்கு ஒரு பாவமும் இல்ல."

"ருசியா இருக்குன்னு திரும்பத் திரும்ப வாங்கித் தின்னாலுமா?"

"ஆட்டையே முழுசாத் தின்னாலும் இல்ல. தெரியாம நடந்ததுல பாவம் ஏது? அவன் நாளைக்குத் தாராளமா நன்மை வாங்கலாம்."

"கொடுக்கலாமா சாமி?"

"எதை?"

"நன்மையைத்தான். வாங்கலாம்னு சொன்னீங்க. கொடுக்கவும் செய்யலாமான்னு கேக்கேன்."

"கொடுக்கதுக்கு அவன் என்ன சாமியாரா?"

ராயப்பனுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மைதீன்பிச்சை அண்ணாச்சிக்கு உங்க முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்காம் சாமி. இருந்தது ஒரே ஒரு பலாக்காய்ச் சட்டிதானாம். ஆள் தெரியாம அதை முற்றத்துக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க. நேத்து உள்ள உங்க இலைக்கு வந்தது ஆட்டுக்கறி."